"ஓடும் தங்கச்சி" என்றால் போதுமா?

அளவெட்டியில் எங்கள் சிறுசேமிப்புக் குழுச் சகோதரி ஒருவரிடம் பழைய மொரிஸ் மைனர் கார் இருக்கிறது. கணவர் ஓட்டியது. அவர் காலமான பின் தானே ஓட்டப் பழகி, மாமியாரைத் தெல்லிப்பழை வைத்தியசாலைக்கும் அயலவரின் பிள்ளைகளை ரியூசனுக்கும் ஏற்றி இறக்குகிறார். வீட்டுச் செலவில் ஒரு பகுதி இந்த வருமானத்தில்தான் நடக்கிறது.

ஒருநாள் மல்லாகத்துக்கு அவருடன் போனேன். பிறேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் கார் இடப்பக்கம் இழுத்தது. இறங்கிப் பார்த்தால் இடது முன்சில்லில் கைவைக்க முடியாத சூடு.

"கராஜில காட்டினனான் மிஸ். 'பழைய கார் எண்டால் அப்பிடித்தான், ஓடும் தங்கச்சி' எண்டு அனுப்பிப்போட்டினம்" என்றார்.

அடுத்த நாள் வயதான வேறொரு மெக்கானிக்கிடம் போனோம். அவர் எங்களைக் குனிந்து பார்க்கச் சொன்னார். பிறேக் ஒயில் இரும்புக் குழாய் வழியாகப் போகிறது. சில்லு திரும்பவும் துள்ளவும் வேண்டியதால் கடைசித் துண்டு மட்டும் றப்பர் குழாய். முன்சில்லுகளுக்கு இரண்டு, பின் அச்சுக்கு ஒன்று. கார் ஓடாமல் நின்றாலும் றப்பர் முதுமையடையும். வெளியே வெடிப்புத் தெரியும். உள்ளே ஊதினால் வெளியே ஒன்றும் தெரியாது. காலால் அமத்திய ஒயில் திரும்பி வர வழியின்றிச் சில்லு இறுகிக்கொள்ளும்.

"இந்தக் காரில நாலு சில்லுக்கும் ஒரே ஒயில் வழி. ஒரு குழாய் வெடிச்சால் நாலிலும் பிறேக் இல்லை. பிறகு கைப்பிறேக்தான்" என்றார். பின் ஆசனத்தில் இருக்கும் பிள்ளைகளை நினைத்தேன். சகோதரி ஒன்றும் பேசவில்லை.

மூன்றையும் மாற்றினார். காரை ஜக்கில் உயர்த்தி, கீழே மரக்கட்டை கொடுத்தார். முதலில் இரும்புக் குழாயின் நட், அடுத்துத் தாங்கியின் நட், கடைசியில் சில்லுப் பக்கம் எனக் கழற்றினார். புதிய முன்குழாயைப் புதுச் செப்பு வாசருடன் சில்லுப் பக்கம் முதலில் பூட்டி, முறுக்கு விழாமல் தாங்கியில் இறுக்கினார். ஸ்ரியறிங்கை இருபுறமும் முழுவதும் திருப்பி, குழாய் எதிலும் உரசவில்லை என்று பார்த்தார்.

கழுவ மண்ணெண்ணெய் எடுத்துக் கொடுத்தேன். தடுத்துவிட்டார். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல் எங்கள் ஊர்க் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை மறக்க முடியாது. "எஞ்சின் அதைத் தாங்கிச்சுது பிள்ளை. பிறேக் றப்பர் தாங்காது, ஊதிப்போகும்" என்றார். எஞ்சின் ஒயிலும் அப்படியே. பிறேக்குக்குப் பிறேக் ஒயில்தான்.

பிறகு காற்று எடுக்கும் வேலை. சகோதரி பிறேக்கை மிதிக்க, அவர் சில்லுப் பக்கத் திருகைத் திறந்து மூடினார். குமிழி வராமல் ஒயில் வரும்வரை ஒவ்வொரு சில்லாகச் செய்தார்கள். சாரதியின் காலடி விரிப்புக்குக் கீழே உள்ள ஒயில் தொட்டி வற்றாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

2020இலிருந்து 2025வரை நாட்டில் கார் இறக்குமதி தடைப்பட்டிருந்தது. பழைய கார்களையே பல வீடுகள் நம்பியிருந்தன, இன்றும் நம்பியிருக்கின்றன. சகோதரிகளே, உங்கள் வாகனம் ஒரு பக்கம் இழுத்தால், சில்லு சுட்டால், மிதி இறங்கினால் "ஓடும்" என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள். றப்பர் குழாயைக் காட்டச் சொல்லுங்கள். ஓடுமா என்பதல்ல, நிற்குமா என்பதே கேள்வி.

அந்தச் சகோதரி இப்போது மாதம் ஒருமுறை டோர்ச் லைற்றுடன் தானே குனிந்து பார்க்கிறார்.