ஐந்து சதவீத வேகம், முப்பது சதவீத விலை

2000ஆம் ஆண்டு மார்ச் 6, திங்கட்கிழமை. ஒரு கிகாஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு நூறு கோடி துடிப்பு வேகத்தில் ஓடும் அத்லான் என்ற கணினிச் சிப்பை ஏஎம்டி நிறுவனம் அறிவித்தது. புதன்கிழமையே போட்டி நிறுவனமான இன்டெல்லும் அதே வேகப் பென்டியம் 3ஐ இறக்கிவிட்டது. மொத்தக் கொள்முதலில் அத்லான் 1,299 டாலர், பென்டியம் 990 டாலர். இன்டெல்லைவிட மலிவாக விற்றே காலம் தள்ளிய ஏஎம்டிக்கு, முந்திக்கொண்ட தெம்பு!

ஏஎம்டியின் விலைப்பட்டியலில் அடுத்த வரிதான் சுவாரசியம். 950 மெகாஹெர்ட்ஸ் அத்லான் 999 டாலர். ஐந்து சதவீத வேகத்துக்கு முப்பது சதவீதம் கூடுதல் விலை. இத்தனைக்கும் இரண்டும் ஒரே வடிவமைப்பு. ஒரு சிலிக்கான் தட்டில் நூற்றுக்கணக்கான சிப்கள் ஒன்றாகவே உருவாகின்றன. சிப்பிலுள்ள டிரான்சிஸ்டர்களின் அளவு இம்மியளவு பிசகினாலும் அவை ஆன், ஆஃப் என மாறும் வேகம் கூடும், குறையும். அதனால் ஒவ்வொரு சிப்பையும் ஓட்டிப் பார்த்து, எந்த வேகம்வரை தடுமாறாமல் ஓடுகிறதோ அந்த எண்ணைக் குத்துகிறார்கள். மண்டியில் மாம்பழத்தை ரகம் பிரிப்பதுபோலத்தான். உச்ச ரகத்தில் தேறுவது சொற்பம். அந்த அருமைக்குத்தான் முந்நூறு டாலர்.

முதல் அறிவிப்புக்குக் கைநிறையச் சரக்கு இருக்க வேண்டும் என்பதில்லை. இன்டெல்லின் ஒரு கிகாஹெர்ட்ஸ் சிப் தொடக்கத்தில் சொற்ப அளவில்தான் கிடைத்தது. தேதியை எதிராளி குறித்துவிட்டால், தொழிற்சாலை தயாரோ இல்லையோ, மேடை ஏறியே ஆகவேண்டும்.

அந்த அவசரம் ஜூலை 31 அன்று வினையானது. இன்டெல் 1.13 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3ஐ வெளியிட்டது. மின்னழுத்தத்தைக் கூட்டினால் டிரான்சிஸ்டர் விரைந்து மாறும். கூடவே சூடும் ஏறும். இந்தச் சிப்புக்கும் அழுத்தம் கூட்டப்பட்டிருந்தது. 'டாம்ஸ் ஹார்டுவேர்' தளத்தை நடத்திய தாமஸ் பாப்ஸ்ட், லினக்ஸ் இயங்குதளத்தின் மைய நிரலான கெர்னலை அதில் கம்பைல் செய்ய வைத்துப் பார்த்தார். சிப் பாதியில் படுத்துவிட்டது. மற்ற விமர்சகர்களும் அதையே கண்டார்கள். வெளியிட்டு ஒரு மாதம் முடிவதற்குள் இன்டெல் சிப்பைத் திரும்பப் பெற்றது. ரகம் பிரிக்கும் சோதனையில் தேறியதாகச் சொல்லப்பட்ட எண், உண்மையில் தேறாத எண். ஏஎம்டியோ அதே ஆகஸ்ட் இறுதியில் 1.1 கிகாஹெர்ட்ஸ் அத்லானைக் கடைக்கு அனுப்பியது.

இன்று கிகாஹெர்ட்ஸ் போட்டி தணிந்து, ஒரு சிப்புக்குள் எத்தனை கோர், அதாவது கணக்கிடும் மையங்கள், என்ற போட்டி வந்துவிட்டது. ரகம் பிரிப்பது மட்டும் மாறவில்லை. புதுச் சிப் வந்த வாரத்தில் வாங்கப் போகிறவர்கள், உச்சிக்கு ஒரு படி கீழே இருப்பதன் விலையை முதலில் கேளுங்கள்.