கழுகுமலைப் பயணம்

நுழையும்முன்

முற்றுப்பெற்ற கோவில் சிற்பியின் திறமையைக் காட்டும். முற்றுப்பெறாத கோவில், அவர் பணியாற்றிய முறையையும் சேர்த்துக் காட்டும். அத்தகைய கோவிலொன்று தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது. அது நிற்கும் மலையூரை எவ்வாறு கண்டு அறிவது, எவ்வாறு காப்பது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

கடலிலிருந்து கரிசலுக்கு

தூத்துக்குடி என்றவுடன் துறைமுகமும் உப்பளங்களும் முத்துக்குளித்தலுமே நம் நினைவுக்கு வரும். தாமிரபரணி கடலோடு கலக்கும் பகுதியில் இருந்த கொற்கை, சங்ககாலத்தில் பாண்டியரின் புகழ்பெற்ற முத்துத்துறையாக விளங்கியது. அதே மாவட்டத்தின் வடமேற்குப் பகுதி முற்றிலும் வேறான நிலம். அங்கே கடலின் நீலம் மறைந்து கரிசலின் கருமை விரிகிறது.

தூத்துக்குடியிலிருந்து, பாரதியார் பிறந்த எட்டயபுரத்தின் வழியாகக் கோவில்பட்டியை அடையலாம். அங்கிருந்து சங்கரன்கோவில் செல்லும் சாலையில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சென்றால், சமவெளியின் நடுவே பாறைக்குன்று ஒன்று எழுந்து நிற்பதைக் காணலாம். அதுவே கழுகுமலை. இடைக்காலக் கல்வெட்டுகள் இம்மலையை அரைமலை என்று குறிக்கின்றன. சடாயுவின் உடன்பிறந்தவனாகிய சம்பாதி என்னும் கழுகு இங்கு முருகனை வழிபட்டதாகக் கூறும் தலக்கதை, இன்றைய பெயருக்கு விளக்கமாக வழங்கி வருகிறது.

மலையே விமானம்

மலையடிவாரத்தில் கழுகாசலமூர்த்தி கோவில் அமைந்துள்ளது. இதன் கருவறை மலையைக் குடைந்து உருவாக்கப்பட்டது. ஆகவே கருவறைக்கு மேல் தனியே விமானம் எழுப்பப்படவில்லை. மலையே விமானமாக நிற்கிறது. கோவிலை வலம்வர விரும்புவோர் மலையையே சுற்றி வரவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் பாடிய காவடிச்சிந்து, இம்முருகனைப் போற்றி எழுந்ததே ஆகும்.

மேலிருந்து கீழாக

மலையின்மீது சிறிது தொலைவு ஏறினால் வெட்டுவான் கோவிலைக் காணலாம். எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் செதுக்கப்பட்ட ஒற்றைக் கற்றளி இது. கல்லை அடுக்கிக் கட்டும் கோவில் அடித்தளத்தில் தொடங்கிச் சிகரத்தில் முடியும். வெட்டுவான் கோவிலோ சிகரத்தில் தொடங்கியது.

சிற்பிகள் முதலில் மலைச்சரிவில் செவ்வக வடிவில் இடத்தை வரையறுத்தனர். பின்னர்ச் சுற்றிலும் பாறையை ஏறத்தாழ 7.5 மீட்டர் ஆழத்துக்கு வெட்டி அகற்றி, நடுவே ஒரு பாறைத் திரளை மட்டும் நிறுத்தினர். அத்திரளின் உச்சியில் எண்பட்டைச் சிகரத்தைச் செதுக்கிப் படிப்படியாகக் கீழே இறங்கினர். இம்முறையில் உயரமான சாரம் கட்டவேண்டிய தேவை குறைவு. வெட்டப்படாத பாறையே சிற்பி நிற்கும் தளமாக அமையும். ஆயினும் இதில் ஓர் இடர் உண்டு. கட்டடத்தில் ஒரு கல் பழுதுபட்டால் வேறு கல்லை வைக்கலாம். ஒரே பாறையில் செதுக்கும்போது உடைந்துபோன மூக்கையோ விரலையோ மீண்டும் ஒட்டவைக்க இயலாது. எனவே முழுக்கோவிலின் வடிவமும் அளவும் முதல் உளிவீச்சுக்கு முன்பே சிற்பியின் மனத்தில் தெளிவாக இருந்திருக்க வேண்டும்.

மாமல்லபுரத்து இரதங்களும் ஒற்றைக் கற்றளிகளே. எனினும் அவை தரைமேல் நின்ற பாறைகளில் செதுக்கப்பட்டவை. மலையை அகழ்ந்து, அதன் உள்ளிருந்தே கோவிலை வெளிக்கொணரும் முறையில் வெட்டுவான் கோவில் எல்லோராவின் கைலாசநாதர் கோவிலை ஒத்தது. அக்கோவிலும் எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததே.

இக்கற்றளியின் மேற்பகுதியில் உமாமகேசுவரர், தட்சிணாமூர்த்தி, பூதகணங்கள் முதலிய சிற்பங்கள் நிறைவு பெற்றுள்ளன. தட்சிணாமூர்த்தி இங்கு மத்தளம் வாசிப்பவராகக் காட்சியளிப்பது அரிய அமைப்பாகும். கீழ்ப்பகுதியோ முற்றுப்பெறவில்லை. மேலிருந்து கீழாகப் பார்வையைச் செலுத்தினால், நுண்ணிய வேலைப்பாடு மெல்லமெல்லக் குறைந்து, வெறும் பாறையாக முடிவதைக் காணலாம்.

தந்தையும் மகனுமாகிய இரு சிற்பிகள் போட்டியிட்டதாகவும், சினம்கொண்ட தந்தை மகனைக் கொன்றதால் பணி நின்றதாகவும் செவிவழிக்கதை ஒன்று இவ்வூரில் வழங்குகிறது. இதனை வரலாறாகக் கொள்ள வேண்டுவதில்லை. ஆனால் நின்றுபோன உளியைத் தலைமுறைதோறும் மக்கள் கவனித்துள்ளனர், அதற்கொரு காரணம் தேடியுள்ளனர் என்பதை இக்கதை உணர்த்துகிறது.

பெயர் பொறித்தவர்கள்

வெட்டுவான் கோவிலுக்கு அருகிலுள்ள பாறைப்பரப்பில் சமணச் சிற்பங்கள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. முக்குடையின்கீழ் அமர்ந்த தீர்த்தங்கரர்கள், பாம்பின் படம் குடையாக விரிய நிற்கும் பார்சுவநாதர், கொடி படர்ந்த பாகுபலி, இயக்கியாகிய அம்பிகை ஆகியோரை அங்குக் காணலாம். பல சிற்பங்களின்கீழ் வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. சிற்பத்தைச் செய்வித்தவரின் பெயரையும் ஊரையும் அவை குறிக்கின்றன.

அவற்றுள் அரசர் பெயரினும் எளியோர் பெயரே மிகுதி. குரவர், குரத்தியர் எனப்பட்ட ஆசிரியர்களையும் அவர்தம் மாணாக்கரையும் இக்கல்வெட்டுகளில் காண்கிறோம். குரத்தியர் என்போர் பெண் துறவியராகிய ஆசிரியர்கள். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த திருச்சாரணம் போன்ற தொலைவூர்களின் பெயர்களும் இங்குப் பதிவாகியுள்ளன. இம்மலை வழிபாட்டிடமாக மட்டுமன்றிக் கல்விச்சாலையாகவும் விளங்கியது என்பதற்கு இவை சான்று.

பயணம் செய்வோர் கவனத்திற்கு

கழுகுமலையில் ஏறுவதற்கு ஏற்ற பொழுது காலையும் மாலையுமே. நண்பகலில் பாறை கொதிக்கும். ஒதுங்க நிழலும் குறைவு. குடிநீரை உடன் கொண்டுசெல்ல வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பாறை வழுக்கும் என்பதால், உரிய படிகளைவிட்டு விலகி ஏறுதல் கூடாது. சாய்வான வெயிலில் சிற்பங்களின் மேடுபள்ளங்கள் நன்கு தெரியும். கல்வெட்டின் எழுத்துகளும் தெளிவுறும். குறிப்பேடு ஒன்றும் கையில் இருந்தால், கண்ட சிற்பத்தை வரைந்து பார்க்கலாம். வரையும்போதுதான் கண் தவறவிட்டவை புலப்படும். மலைமேல் நின்று நோக்கினால் ஊரும் தெப்பக்குளமும் கரிசல் வயல்களும் ஒருசேரத் தெரியும்.

நமது கடமை

வெட்டுவான் கோவிலும் சமணச் சிற்பங்களும் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. ஆயினும் காவலர் ஒருவரால் ஒவ்வொரு கையையும் கண்காணிக்க முடியாது. வரலாற்றிடங்களில் தம் பெயரைக் கீறுவோரும் வண்ணத்தால் எழுதுவோரும் இன்றும் உள்ளனர். சிற்பத்தில் எண்ணெய் பூசுவதும் அதன்மேல் ஏறி நின்று படம் எடுப்பதும் அதே அளவு கேடு தருபவை.

குரத்தியரும் மாணாக்கரும் இப்பாறையில் பெயர் பொறித்தது ஒரு சிற்பத்தைத் தந்த பிறகே. எதையும் தராமல் பெயரை மட்டும் கீறுபவர், முன்னோர் தந்ததிலிருந்து ஒரு பகுதியை அழிக்கிறார். வெட்டிய கல்லை மீண்டும் ஒட்டவைக்க இயலாது என்பதை அறிந்தே சிற்பி உளியைக் கையில் எடுத்தார். அந்த அச்சமும் பொறுப்பும் மலையேறும் நமக்கும் வேண்டும்.