இல்லாததை விற்பவரும், இல்லாததைக் காட்டி விற்பவரும்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் நிகோலா என்றொரு நிறுவனம் இருந்தது. ஹைட்ரஜனில் ஓடும் சரக்கு லாரிகளைத் தயாரிக்கப் போவதாக அது அறிவித்தது. ஏற்கனவே பட்டியலில் இருந்த, சொந்தத் தொழில் எதுவும் இல்லாத ஒரு வெற்று நிறுவனத்துடன் இணைந்து 2020 ஜூனில் பங்குச் சந்தைக்குள் நுழைந்தது. சில நாட்களிலேயே அதன் சந்தை மதிப்பு, 1903 முதல் கார் செய்துவரும் ஃபோர்டின் மதிப்பைத் தாண்டியது. அப்போது அது ஒரு லாரியைக்கூட விற்றிருக்கவில்லை. அந்தக் காலாண்டில் அதன் வருமானம் 36,000 டாலர். அதுவும் நிறுவனர் டிரெவர் மில்டனுக்குச் சூரிய மின் தகடுகள் பொருத்திக் கொடுத்ததில் வந்த பணம்!

செப்டம்பர் 8 அன்று ஜெனரல் மோட்டார்ஸ் நிகோலாவுடன் கூட்டுச் சேர்வதாக அறிவித்தது. பங்கு விலை மேலும் பாய்ந்தது. இரண்டே நாளில் ஹிண்டன்பர்க் ரிசர்ச் ஓர் அறிக்கை வெளியிட்டது. (2023 ஜனவரியில் அதானி குழுமம் பற்றிய அறிக்கை மூலம் இந்தப் பெயர் நம் வாசகர்களுக்கும் பழக்கமானது.) நிகோலா 2018இல் வெளியிட்ட விளம்பரக் காணொளியில் சாலையில் சீறிச் செல்லும் லாரி, சொந்த இயந்திரத்தால் ஓடவில்லை, மேட்டுக்கு இழுத்துச் சென்று சரிவில் உருட்டி விடப்பட்டது என்று அது குற்றம் சாட்டியது. நிகோலாவின் மறுப்பு விசித்திரமானது. லாரி சொந்த சக்தியில் ஓடுவதாக அந்தக் காணொளியில் தாங்கள் சொல்லவே இல்லையே என்றது! மாத இறுதிக்குள் பங்கு விலை ஏறக்குறைய பாதியாகிவிட்டது. மில்டன் பதவி விலகினார். 2022இல் முதலீட்டாளர்களை ஏமாற்றிய குற்றம் நிரூபணமாகி, 2023 டிசம்பரில் நான்காண்டு சிறைத் தண்டனை பெற்றார்.

இந்த அறிக்கையை ஹிண்டன்பர்க் தர்மத்துக்காக வெளியிடவில்லை. நிகோலா பங்கு விழுந்தால் தனக்கு லாபம் வருமாறு முன்பே பந்தயம் கட்டியிருந்தது. அதை அறிக்கையிலேயே சொல்லவும் செய்தது. இதற்குத்தான் ஷார்ட் செல்லிங் என்று பெயர்.

அதன் கணக்கு இதுதான். உங்களிடம் பங்கு இல்லை. தரகர் மூலம் நூறு பங்குகளை இரவல் வாங்குகிறீர்கள். அதற்கு ஒரு கட்டணம் உண்டு. பங்கு 50 டாலர் என்றால் உடனே விற்று 5,000 டாலர் பெறுகிறீர்கள். விலை 20க்கு இறங்கியதும் 2,000 கொடுத்து நூறு பங்குகளை வாங்கித் திருப்பிக் கொடுக்கிறீர்கள். மீதி 3,000இல் கட்டணம் போக எஞ்சுவது உங்களுக்கு. ஆனால் விலை 150க்கு ஏறினால்? 15,000 கொடுத்து வாங்கித்தான் திருப்பித் தர வேண்டும். பங்கை வாங்கி வைத்திருப்பவர் இழப்பது போட்ட பணத்தை மட்டுமே. ஷார்ட் செய்தவரின் நட்டத்துக்கு எல்லையே இல்லை. 2021 ஜனவரியில் கேம்ஸ்டாப் பங்கை ஷார்ட் செய்திருந்த மெல்வின் கேபிட்டல் அந்த ஒரே மாதத்தில் தன் நிதியில் பாதிக்கும் மேல் இழந்தது. பொய்யான பங்கு என்று தெரிந்தும் பலர் ஷார்ட் செய்யத் தயங்குவது இதனால்தான். சின்ன நிறுவனங்களின் பங்குகளோ இரவலுக்கே எளிதில் கிடைக்காது. கிடைத்தாலும் கட்டணம் கடுமை. எனவே விலை ஏறும்போது அதைத் தடுக்க எதிர்க்குரல் ஒன்றும் இருக்காது. 2017 டிசம்பரில் நியூயார்க்கில் குளிர்ந்த தேநீர் விற்கும் ஒரு சிறு நிறுவனம் தன் பெயரை 'லாங் பிளாக்செயின்' என்று மாற்றியது. அன்றே அதன் பங்கு ஏறக்குறைய மூன்று மடங்கானது. விற்றது என்னவோ அதே தேநீர்தான்.

மார்க்கத்தில் இதன் நிலை என்ன? கையில் இல்லாத பொருளை விற்றுவிட்டுப் பிறகு சந்தையில் வாங்கிக் கொடுக்கலாமா என்று ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அவர்கள் கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி பிரபலமானது. இதன் அடிப்படையில், விற்பவருக்குச் சொந்தமல்லாத பங்கை, தரகர் கடன் தருவார் என்ற வாக்கை வைத்து விற்பது கூடாது என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1992இல் ஜித்தாவில் தீர்மானித்தது. மறுதரப்பு வாதமும் இருக்கிறது. கடனாகப் பெற்றது பெற்றவரின் உடைமையாகிவிடும்; எனவே அவர் தன் பொருளைத்தானே விற்கிறார் என்பது அது. அதை ஏற்றாலும், கடனுக்குக் கட்டணம் வாங்குவது வட்டியாகாதா என்ற கேள்வி குறுக்கே நிற்கிறது. மலேசியாவின் ஷரீஆ ஆலோசனைக் குழு கட்டுப்பாடுகளுடன் இதற்கு இடமளிக்கிறது. பெரும்பான்மை அறிஞர்களின் கருத்தே நமக்கு வலுவாகத் தெரிகிறது.

ஆனால் நம் சபைகளில் பேச்சு இதோடு நின்றுவிடுகிறது. வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிவிடும் 'நஜ்ஷ்' பற்றியும் அதே நபிமொழித் தொகுப்புகளில் தடை உண்டு. தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டு, அடியில் ஈரத்தைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த சம்பவமும் உண்டு. மில்டன் சமூக ஊடகங்களிலும் நேர்காணல்களிலும் பேசிப் பேசிச் சிறு முதலீட்டாளர்களைக் குறிவைத்தார் என்பதுதான் அரசுத் தரப்பின் வழக்கு. ஓய்வூதியச் சேமிப்பை இழந்தவர்களும் கடன் வாங்கிப் போட்டவர்களும் அவர்களில் இருந்தனர். அந்தக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்தது தணிக்கையாளரோ ஜெனரல் மோட்டார்ஸோ அல்ல, லாபத்துக்காக வந்த ஒரு ஷார்ட் செல்லர். அவர் ஆதாயம் பெற்ற வழியை நாம் ஏற்க வேண்டியதில்லை. அவர் எடுத்துக் காட்டிய ஈரம் ஈரம்தான்.

அதற்காக இவர்கள் எழுதுவதையெல்லாம் அப்படியே நம்பவும் முடியாது. பொதுமக்களிடம் ஒன்றைச் சொல்லிவிட்டுத் தான் வேறொன்றைச் செய்து லாபம் பார்த்ததாக, சிட்ரான் ரிசர்ச் என்ற ஷார்ட் செல்லிங் நிறுவனத்தின் நிறுவனர் மீது அமெரிக்க நீதித்துறை 2024 ஜூலையில் குற்றச்சாட்டுப் பதிவு செய்தது. ஆதாரமாக என்ன ஆவணம் காட்டுகிறார்கள் என்று பார்ப்பதே முறை.

நம் இளைஞர்களிடம் இப்போது 'ஹலால் பங்கு' காட்டும் செயலிகள் இருக்கின்றன. அவை பெரும்பாலும் பார்ப்பது மூன்று விஷயங்கள்: தொழில் ஹராமானதா, வட்டிக் கடன் வரம்புக்குள் இருக்கிறதா, தடுக்கப்பட்ட வருமானம் 5 சதவீதத்துக்குள் இருக்கிறதா. கடனும் வாங்காமல், பொருளும் விற்காமல், காணொளி மட்டும் வெளியிடும் நிறுவனம் இவற்றில் எளிதாகத் தேறிவிடலாம். லாரி ஓடுகிறதா என்ற கேள்வி அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே பச்சை நிறம் தெரிந்ததும் பணம் போடாமல், விற்பனையால் வந்த வருமானம் எவ்வளவு, நிறுவனர் தன் பங்குகளை விற்கிறாரா என்ற இரண்டையாவது காலாண்டு அறிக்கையில் தேடிப் பாருங்கள். நிகோலாவின் 36,000 டாலர் அதன் சொந்த அறிக்கையிலேயே எல்லோரும் படிக்கும்படி இருந்தது.

2025 பிப்ரவரியில் நிகோலா திவால் மனு கொடுத்தது. மார்ச் மாதம், நட்டமடைந்த பங்குதாரர்களுக்கு மில்டன் 68 கோடி டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று அரசு வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் கோரினர். அதே மாத இறுதியில் அதிபர் டிரம்ப் அவருக்கு மன்னிப்பு வழங்கினார்.