உறுமாத பிரஷ் கட்டர்: மெக்கானிக்கைத் தேடும் முன் பெட்ரோலைப் பாருங்கள்

ஐப்பசியில் இரண்டு மழை சேர்ந்து பெய்தால் போதும். திண்டுக்கல் சமவெளியின் தென்னை, முருங்கை, மாந்தோப்புகளில் களை முழங்கால் உயரத்துக்கு வந்துவிடும். அப்போதுதான் கோடை முழுக்கக் கொட்டகை மூலையில் கிடந்த பிரஷ் கட்டர் நம் நினைவுக்கு வரும். எடுத்துத் தூசி தட்டிக் கயிற்றை இருபது முறை இழுத்தாலும் அது உறுமாது. மெக்கானிக் கடைக்குக் கொண்டுபோனால் அங்கே ஏற்கனவே பல இயந்திரங்கள் வரிசையில் காத்திருக்கும்.

காத்திருக்கும் நாட்களில் களை சும்மா இருக்காது. பார்த்தீனியம் முளைத்த ஒரு மாதம், ஒன்றரை மாதத்துக்குள் பூத்துவிடும். பூக்கும் முன் வெட்டிச் சாய்த்தால் அது மரத்தடிக்கு மூடாக்கு. விதை பிடித்தபின் வெட்டினால், அடுத்த ஆண்டுக்கு நாமே விதைத்தது போல. ஒரு செடியிலேயே ஆயிரக்கணக்கில் விதை உதிரும். உழவியல் படித்தவன் இன்ஜினைப் பற்றி எழுத இதுதான் காரணம்.

முதலில் நிறுத்தும் சுவிட்சைப் பாருங்கள். சிரிக்க வேண்டாம். சென்ற முறை வேலை முடிந்து அணைத்த சுவிட்சை அப்படியே விட்டுவிட்டுக் கயிறு இழுப்பவர்கள் நிறையப் பேர். அடுத்து, உங்களுடையது டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் ஆயிலுக்குத் தனி மூடி இருக்கும். பெட்ரோலில் ஆயில் கலக்கவே கூடாது. டூ ஸ்ட்ரோக் என்றால் கலந்தே தீர வேண்டும். கலக்கும் அளவு லிட்டருக்கு 20 மி.லி.யா, 40 மி.லி.யா என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். கையேட்டிலோ டேங்க் மூடியிலோ எழுதியிருப்பதைப் பின்பற்றுங்கள். இன்ஜினுக்கு நல்லது என்று கூடுதலாக ஊற்றினால் பிளக்கும் சைலன்சரும் கரி பிடித்து அடைத்துக்கொள்ளும்.

மாதக்கணக்கில் நின்றுபோன இயந்திரம் கிளம்பாவிட்டால் நான் முதலில் சந்தேகப்படுவது டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோலைத்தான். நம் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022-ல் 10 சதவீதத்தை எட்டியது. இப்போது பங்க்குகளில் 20 சதவீதம் வரை கலந்து வருகிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் குணம் கொண்டது. கொஞ்சம் ஈரத்தைப் பெட்ரோல் தாங்கிக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். பிரஷ் கட்டரில் எரிபொருளை உறிஞ்சும் வடிகட்டி கிடப்பதும் அதே அடியில்தான். இன்ஜினுக்குப் போவது தண்ணீர் கலந்த எத்தனால் என்றால் எப்படிப் பிடிக்கும்?

டூ ஸ்ட்ரோக் இயந்திரத்தில் இன்னொரு ஆபத்து உண்டு. நீங்கள் கலந்த ஆயில் மேலே மிதக்கும் பெட்ரோலோடு நின்றுவிடும். அடியில் பிரிந்த கலவையில் ஆயில் இருக்காது. தப்பித் தவறி இன்ஜின் ஓடினாலும் ஆயில் இல்லாமல் ஓடி பிஸ்டனும் சிலிண்டரும் கீறிக்கொள்ளும். அதன்பின் ஆகும் செலவு, பழைய இயந்திரத்தை வைத்திருப்பதா, விற்பதா என்று யோசிக்க வைக்கும். எனவே டேங்கில் பழைய பெட்ரோல் இருக்கும்போது கயிற்றை இழுத்துக்கொண்டே இருக்காதீர்கள்.

அந்தப் பெட்ரோலை ஒரு கண்ணாடிக் குடுவையில் வடித்து வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் தனியாக ஒரு அடுக்கு தெரிந்தாலோ, கலங்கியிருந்தாலோ, வார்னிஷ் போலப் புளித்த வாடை அடித்தாலோ அது பயன்படாது. புதுப் பெட்ரோலோடு கலந்து ஒப்பேற்றவும் வேண்டாம். கிணற்றுமேட்டிலோ வாய்க்காலிலோ ஊற்றிவிடவும் கூடாது.

வேளாண் உதவி அலுவலர்கள் கிராமக் கூட்டங்களில் இதைக் கண்முன் காட்டலாம். 100 மி.லி. அளவுக் குடுவையில் 10 மி.லி. தண்ணீர் எடுத்து, அதன்மேல் ஆயில் கலக்காத பெட்ரோல் 90 மி.லி. ஊற்றி, மூடி, மெதுவாகக் குலுக்கி வையுங்கள். சற்று நேரத்தில் அடியிலுள்ள தண்ணீர்க் கோடு 10-ல் நிற்காமல் மேலே ஏறியிருக்கும். எத்தனால் 20 சதவீதம் இருந்தால் 25-ஐயும் தாண்டும். ஏறிய அளவு பெட்ரோலை விட்டுத் தண்ணீரோடு சேர்ந்த எத்தனால். சொல்லி விளக்குவதைவிட இதைப் பார்த்தவர்களுக்கு மறக்காது. திறந்த வெளியில், நெருப்பு, பீடி அருகில் இல்லாமல் செய்யுங்கள். சோதித்த பெட்ரோலை எந்த வண்டியிலும் ஊற்றாதீர்கள்.

புதுப் பெட்ரோல் ஊற்றியும் பிடிக்கவில்லையா? பிளக்கைக் கழற்றுங்கள். ஈரமாக இருந்தால் பெட்ரோல் மிதமிஞ்சிப் போயிருக்கிறது. சோக்கைத் திறந்த நிலைக்குக் கொண்டுவந்து, சுவிட்சை அணைத்து, பிளக் இல்லாமலேயே நாலைந்து முறை கயிற்றை இழுத்தால் உள்ளே தேங்கியது வெளியேறும். பிளக்கைத் துடைத்துக் காயவைத்து மாட்டலாம். எத்தனை முறை இழுத்தும் பிளக் காய்ந்தே இருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. கரி படிந்திருந்தால் பித்தளைப் பிரஷால் தேய்த்து, இடைவெளியைக் கையேட்டில் உள்ளபடி வையுங்கள், பெரும்பாலும் 0.6 முதல் 0.7 மி.மீ. இருக்கும். பொறி வருகிறதா என்று பெட்ரோல் ஆவி சூழ்ந்த இடத்தில் சோதிப்பதைவிட, புது பிளக் ஒன்றை வாங்கி மாற்றிப் பார்ப்பதே எளிது, பாதுகாப்பும்கூட.

பெட்ரோல் வரவில்லை என்றால் டேங்கிலிருந்து வரும் மெல்லிய குழாயைத் தடவிப் பாருங்கள். பழைய இயந்திரங்களின் ரப்பர் பாகங்கள் எத்தனாலுக்கு ஏற்ப உருவானவை அல்ல. அவை இறுகி வெடிக்கும் அல்லது ஊறிக் குழையும். கார்புரேட்டரின் உள்ளே இருக்கும் மெல்லிய ரப்பர் தகடான டயபிரமும் அப்படித்தான் விறைத்துப்போகும். அதை மட்டும் மாற்றினாலே பல இயந்திரங்கள் உயிர்பெறும். முழு கார்புரேட்டரையும் மாற்றச் சொன்னால், முதலில் டயபிரத்தை மாற்றிப் பார்க்கலாமா என்று கேளுங்கள். கார்புரேட்டர் திருகுகளை மட்டும் நீங்களாகத் திருப்ப வேண்டாம்.

கிளம்பிச் சில நிமிடங்களில் நின்றுவிடுகிறதா? டேங்க் மூடியைச் சற்றுத் தளர்த்தியதும் மறுபடி பிடித்தால், மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது என்று பொருள். வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் பக்கத்துச் செம்மண் புழுதியில் வேலை செய்யும் இயந்திரத்துக்கு ஏர் ஃபில்டரும் சீக்கிரம் அடைக்கும். பஞ்சு ஃபில்டரைச் சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். காகித ஃபில்டரை அலசக் கூடாது. தட்டிச் சுத்தம் செய்யலாம், முடியாவிட்டால் மாற்றலாம்.

கயிற்றை இழுக்கும்போது கைக்கு எதிர்ப்பே தெரியாமல் வழுவழுவென்று வந்தால் அழுத்தம் போய்விட்டது. அதை வீட்டில் சரிசெய்ய முடியாது. செலவைக் கணக்கிட்டுப் பார்த்துப் புதிது வாங்குவதே மேல் என்று தோன்றினால், வேளாண் பொறியியல் துறையின் மானியத்தை உழவன் செயலியில் பாருங்கள். வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு, பெண், ஆதிதிராவிடர், பழங்குடியின விவசாயிகளுக்கு 50 சதவீதமும் மற்றவர்களுக்கு 40 சதவீதமும் உச்சவரம்புக்கு உட்பட்டுத் தருகிறார்கள்.

களை வெட்டி முடித்து ஓய்வு கொடுக்கும்போது டேங்கை வடித்துவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். சூடு ஆறியதும் பிளக் துளையில் சில சொட்டு ஆயில் விட்டு, கயிற்றை மெதுவாக இரண்டு முறை இழுத்து, பிளக்கை மாட்டுங்கள். பிறகு எதிர்ப்பு தெரியும் இடம்வரை மட்டும் கயிற்றை இழுத்து நிறுத்தினால், பிஸ்டன் மேலே நின்று ஈரக்காற்று உள்ளே போகாமல் தடுக்கும். வைக்கும் இடம் யூரியா, பொட்டாஷ் மூட்டைகளுக்குப் பக்கத்தில் வேண்டாம். உரம் ஈரத்தை இழுக்கும். அந்த உப்பு ஈரம் பட்டால் இரும்பும் அலுமினியமும் அரித்துவிடும்.