ரெட்ரோ கேம் சீட்டுக்கட்டு: ஒண்ணு பிரிண்ட் பண்ணலாம், 500 ஆர்டர் போடலாமா?

டிவி கேம் கேசட்டை ஊதி ஊதிப் போட்டு மரியோ, கான்ட்ரா விளையாடின ஆளா நீங்க? அந்த பிக்சல் ஸ்டைல்ல ஒரு சீட்டுக்கட்டை நாமளே டிசைன் பண்ணி பிரிண்ட் எடுத்துடலாம். எடுத்த உடனே "இதையே வித்தா என்ன?"ன்னு தோணும். ரெண்டுக்கும் கணக்கு பார்த்துடுவோம்.

மரியோவைக் கொடுத்த நிண்டெண்டோவே சீட்டுக்கட்டு கம்பெனியாத்தான் ஆரம்பிச்சுது. 1889-ல ஜப்பானோட கியோட்டோவுல ஃபுசாஜிரோ யமவுச்சி, கையால செஞ்ச ஹனாஃபுடா சீட்டுகளை விக்க ஆரம்பிச்சார். சூப்பர் மரியோ பிரதர்ஸ் வந்தது 1985-லதான். மரியோ படம் போட்ட சீட்டுக்கட்டையும் அந்தக் கம்பெனியே வித்திருக்கு. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, கீழே தேவைப்படும்.

செய்யறது எப்படி?

- அளவு: ஒரு சீட்டு 63 × 88 மிமீ. ஒரு ஏ4 தாள்ல 9 சீட்டு அடங்கும். ஜோக்கர் ரெண்டையும் சேர்த்து 54 சீட்டுக்கு சரியா 6 தாள்.
- படம்: பிஸ்கெல்னு ஒரு இலவச டூல் இருக்கு. 16 × 16 கட்டத்துல வரையுங்க. ஒரு உருவத்துக்கு 3 கலர் போதும், பழைய கேம் லுக் தானா வந்துடும்.
- பெருசாக்கும்போது: 300 டிபிஐ-ல சீட்டோட அகலம் சுமார் 744 பிக்சல். 16-ஐ 40 மடங்காக்கினா 640, அழகா உள்ள உட்காரும். முழு எண் மடங்குலயே பெருசாக்குங்க, 'நியரஸ்ட் நெய்பர்' ஆப்ஷனைத் தேர்ந்தெடுங்க. இல்லன்னா படம் மங்கிடும்.
- பின்பக்கம்: பார்டர் வைக்காதீங்க. கட்டிங் கொஞ்சம் விலகினாலும் எது எந்தச் சீட்டுன்னு தெரிஞ்சுடும். ஓரம் வரைக்கும் ஒரே பேட்டர்ன் போடுங்க.
- தாள்: 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு, மேல மேட் லேமினேஷன். வீட்டு பிரிண்டர்ல இவ்வளவு கனமான தாள் பெரும்பாலும் சிக்கிக்கும். கொண்டப்பநாயக்கன்பட்டி மாதிரி சேலத்தை ஒட்டி இருக்கிறவங்க பிடிஎஃப்பை எடுத்துட்டு டவுன்ல ஒரு டிஜிட்டல் பிரஸ்ஸுக்குப் போயிடலாம்.

ஒரு கட்டு என்ன ஆகும்?

ரேட் கடைக்குக் கடை மாறும், அதனால இது உதாரணக் கணக்குதான். ரெண்டு பக்கமும் பிரிண்ட் தாளுக்கு 30 ரூபாய்னா 180. லேமினேஷன் 60. டப்பா 20. மொத்தம் 260 ரூபாய். ஒரு ஹாபிக்கு இது தாராளமா ஓகே.

500 கட்டு மோகம்

ஆஃப்செட்ல 500 அடிச்சா ஒரு கட்டு 60 ரூபாய்தான்னு வச்சுக்குவோம். கேட்கவே ஆசையா இருக்கும். ஆனா கையை விட்டுப் போறது 60 ரூபாய் இல்ல, 30,000 ரூபாய். நிறைய பேருக்கு அது ஒரு மாசச் சம்பளம்.

200 ரூபாய்க்கு வித்து, கூரியர், பேக்கிங் 50 போனா கையில நிக்கிறது 150. போட்ட காசை எடுக்கவே 200 கட்டு விக்கணும். 80-தான் வித்துச்சுன்னா 12,000 திரும்பும். 18,000 ரூபாயும் 420 கட்டும் கட்டிலுக்கு அடியில தூங்கும்.

அதுக்குப் பதிலா, 350 ரூபாய்னு முன்பணம் வாங்கிட்டு 20 கட்டு மட்டும் டிஜிட்டல்ல அடிங்க. கட்டுக்கு 40 வீதம் 800 ரூபாய்தான் லாபம். ஆனா உங்க எமர்ஜென்சி ஃபண்ட்ல கை வைக்கல, டிமாண்ட் இருக்கான்னும் தெரிஞ்சுடும்.

விக்கிறதுக்கு முன்னாடி

வீட்டுல விளையாட மரியோ படம் போட்டுக்கிறது வேற, விக்கிறது வேற. 1957-ம் வருஷ பதிப்புரிமைச் சட்டத்தோட 52-வது பிரிவு சொந்த உபயோகத்துக்கு நியாயமான அளவுல இடம் கொடுக்குது. வியாபாரத்துக்கு அந்தச் சலுகை கிடைக்காது. உரிமையாளரே சீட்டுக்கட்டு விக்கிற கம்பெனின்னா சொல்லவே வேண்டாம்! 52 சீட்டு அமைப்பு யாருக்கும் சொந்தமில்ல, பிக்சல் ஸ்டைலும் அப்படித்தான். உருவங்களை மட்டும் நீங்களே உருவாக்குங்க. ராஜாவுக்குப் பதிலா ஏற்காடு காட்டெருமை வந்தா யார் கேட்கப் போறாங்க?

இன்னொண்ணு: தொடர்ந்து வித்தா அது வியாபார வருமானம். சம்பளத்துக்குப் போடுற ஐடிஆர்-1 அப்போ செல்லாது.

உங்க ஊர்ல ஏ4 ஆர்ட் கார்டு பிரிண்ட் என்ன ரேட்? கமென்ட்ல சொல்லுங்க, அடுத்த வீடியோவுல அந்தக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம்.