வண்டிக்கு அடியில் ஒரு கவசம்

1948-இல் ஸ்தாபிக்கப்பட்டுப் பின்னர் அசோக் லேலண்ட் என்று பெயர் பூண்ட நிறுவனம் எண்ணூரிலும், 1955-இல் கால்கொண்ட என்ஃபீல்டு ஆலை திருவொற்றியூரிலும் மோட்டார் தொழிலை வேரூன்றச் செய்த வடசென்னையில், இரும்பின் குணாதிசயங்களை அறிந்த பட்டறைகளுக்கு என்றுமே பஞ்சமிருந்ததில்லை. ஆயினும், எம்.கே.பி. நகரில் குடியிருந்துகொண்டு, விடுமுறை நாட்களில் நாகலாபுரம் மலையடிவாரத்துக்கும் பழவேற்காட்டுச் சேற்றுப் பாதைகளுக்கும் ஜீப் வகை வண்டியை ஓட்டிச் செல்லும் அன்பர், அதன் அடிப்பாகத்துக்குக் காப்புத் தகடு வாங்கப் புறப்படுகையில், எவ்வளவு தடிமன் என்ற ஒரே கேள்வியுடன்தான் கடையேறுகிறார்.

கல்லும் மேடும் பதம்பார்க்கும் உறுப்புகள் பிரதானமாக நான்கு: என்ஜின் எண்ணெய் நிற்கும் சேம்பர், கியர் பாக்ஸ், முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் சக்தியைப் பகிர்ந்தளிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், எரிபொருள் டாங்கி. 2020-இல் வெளிவந்த மஹிந்திரா தார் 226 மில்லிமீட்டரும், 2023-இல் இந்தியாவுக்கு வந்த ஜிம்னி 210 மில்லிமீட்டரும் தரையிலிருந்து உயர்ந்து நிற்பினும், சக்கரம் பள்ளத்தில் இறங்கிய கணத்தில் அவ்வுயரம் பயனற்றுப் போகிறது. சேம்பர் உடைந்து எண்ணெய் ஒழுகுவதை அறியாமல் சிறிது தூரம் ஓட்டினாலும் என்ஜின் நாசமாகிவிடும்.

இனி, உலோகத்தைப் பற்றிய விசாரம். ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள 3 மி.மீ. இரும்புத் தகடு ஏறத்தாழ 23.5 கிலோ எடையிருக்க, அதே பரப்புள்ள 6 மி.மீ. அலுமினியத் தகடு 16 கிலோ அளவிலேயே நின்று, வளையாமல் தாங்குவதில் அவ்விரும்பைக் காட்டிலும் இரண்டு மடங்குக்கு மேல் உறுதி காட்டுகிறது. ஆனால் அலுமினியம் மிருதுவானதாகையால், பாறையின் மீது வழுக்கிச் செல்ல வேண்டிய இடத்தில் கீறுண்டு சிக்கிக்கொள்ளும். நெளிந்த இரும்பை எந்தப் பட்டறையிலும் தட்டி நிமிர்த்திவிடலாம், விரிசலுற்ற அலுமினியத்துக்கோ ஆர்கான் வெல்டிங் தெரிந்த கை வேண்டும்.

பாறையால் வரும் சேதம் இவ்வாறிருக்க, வடசென்னைவாசிக்கு அதனினும் நித்தியமான சத்துரு ஒன்று உண்டு, அது உப்பு. கடற்காற்று ஓயாது வீசும் இப்பிரதேசத்தில், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வியாசர்பாடியிலும் சுற்றுப்புறத் தெருக்களிலும் தேங்கும் நீரைக் கடந்து வந்த வண்டியின் தகட்டுக்கும் சேஸிஸுக்கும் இடையே படிந்த சேறு, தெரு உலர்ந்த பின்னும் நாட்கணக்கில் ஈரமாகவே இருக்கிறது. இரும்பு, பெயிண்ட் உரிந்த ஓரத்திலும் வெல்டிங் தையலிலும் துருவேறத் தொடங்குகிறது. அலுமினியம் தப்பியது என்றும் சொல்வதற்கில்லை. இரும்பு போல்ட்டோடு நேரே உரசி உப்புநீரில் நனையும்போது, இரு உலோகங்களுக்கிடையே எழும் மின்வேதிச் செயலால் போல்ட் துளையைச் சுற்றி அலுமினியமே அரிக்கப்படுகிறது. ஆகையால் இரும்பாயின் நாகமுலாம் பூசியதையும், அலுமினியமாயின் நைலான் வாஷர் வைத்து கிரீஸ் தடவிப் பொருத்துவதையும் வற்புறுத்துவது அவசியம்.

பொருத்தும் விதமோ தகட்டின் தரத்துக்குச் சமமான முக்கியத்துவம் உடையது. என்ஜினிலோ கியர் பாக்ஸிலோ தகட்டைப் பிணைத்தால், அது வாங்கும் அடி முழுவதும் காப்பாற்றப்பட வேண்டிய உறுப்பிலேயே போய் இறங்கும். ஆதலால் சேஸிஸ் சட்டங்களிலேயே அது தாங்கி நிற்க வேண்டும். தகடு உள்நோக்கி நெளிந்தாலும் சேம்பரைத் தொடாதபடி இடைவெளி இருத்தல், போல்ட் தலைகள் வெளியே துருத்தாமல் பள்ளத்தில் அமர்தல், எண்ணெய் மாற்றும் மரையாணிக்கு நேராகத் திறப்பு இருத்தல், நீர் வடியவும் உஷ்ணம் வெளியேறவும் துளைகள் இருத்தல் ஆகிய நான்கையும் வண்டியைத் தூக்கி நிறுத்தி நேரில் பரிசோதிப்பதே உசிதம்.

நகரத் தெருக்களோடு நின்றுவிடும் வண்டிக்குக் கம்பெனி பொருத்தியனுப்பிய தகடே பெரும்பாலும் போதுமானது. மலைப்பாதைப் பிரியர், நான்கு உறுப்புகளுக்கும் ஒருங்கே செலவழித்து வண்டியின் பாரத்தைக் கூட்டாமல், சேம்பரில் தொடங்கித் தம் பிரயாணங்களின் அனுபவத்துக்கேற்ப மற்றவற்றைச் சேர்ப்பது விவேகம். எவ்வகைத் தகடாயினும், மழைக்காலத்தில் வாட்டர் சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் அதைக் கழற்றி உட்புறத்தைக் கழுவச் சொல்ல வேண்டும். அவ்வாறு எளிதில் கழற்ற இயலாதபடி அமைந்த தகட்டை, அதன் தடிமன் எத்தகையதாயினும், வடசென்னையில் வாங்காதிருப்பதே நலம்.