அச்சுவேலியிலிருந்து விடுதி அறைக்கு

வலிகாமம் கிழக்கின் விவசாயக் கிராமமான அச்சுவேலியில் பிறந்து, திருநெல்வேலியிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகும் மாணவர் நாள்தோறும் பேருந்தில் சென்று திரும்பலாம் என்பதால், விடுதி வாழ்க்கையை அறியாமலே பட்டம் பெற்றுவிட முடிகின்றது. பேராதனைக்குத் தெரிவாகுபவரின் நிலை முற்றிலும் வேறானது. மாணவர் வளாகத்திலேயே தங்கிக் கற்கும் உறைவிடப் பல்கலைக்கழகமாக ஐவர் ஜெனிங்ஸ் முதலியோரால் திட்டமிடப்பட்டு 1952இல் அங்கு இயங்கத் தொடங்கிய அந்நிறுவனத்தில், சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் பெயரைத் தாங்கிய விடுதியும் உண்டு.

சமதரையும் வெயிலும் பழகியவருக்கு மலைநாட்டின் குளிரும் மழையும் உடலளவிலான மாற்றங்களே. அவை சில வாரங்களில் பழகிவிடும். உண்மையில் கடினமானது, சிங்களம் பேசுவோருடன் ஒரே அறையைப் பகிர்ந்து, படிக்கும் நேரம், விளக்கணைக்கும் நேரம், குளியலறை முறை ஆகியவற்றை அரைகுறை மொழியில் பேசித் தீர்த்துக்கொள்வதாகும். ஆயினும் பாடநூல் தராத மொழிப்பயிற்சி அங்குதான் கிடைக்கின்றது என்பதால், அதனைச் சுமையாக மட்டும் கருதுவது தவறு.

புதியவர்களை மூத்தோர் அச்சுறுத்தி இழிவுபடுத்தும் பகிடிவதை மரபன்று, குற்றமாகும். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதற்குச் சிறைத்தண்டனை விதிக்கின்றமையால், பாதிக்கப்படும் மாணவர் அச்சமின்றி விடுதிக் காப்பாளரிடமோ மாணவ ஆலோசகரிடமோ முறையிடலாம், பெற்றோரும் இதனைப் பயணத்துக்கு முன்னரே பிள்ளைக்குத் தெளிவாகச் சொல்லியனுப்ப வேண்டும்.